கவலை இறைச்ச மாடும், பின்னால நடந்த தூரமும்

கவலைன்னு சொன்னா உங்களுக்கு மனசுல இருக்கிறதுதான் ஞாபகம் வரும். எங்க சேலம், நாமக்கல் பக்கத்துல அது கிணத்து மேட்டுல இருந்துச்சு. ரெண்டு எருதைப் பூட்டி, சரிவுல இறக்கி ஏத்தி, கிணத்துத் தண்ணிய மேல கொண்டு வர்ற அமைப்புக்கு இங்கே கவலைன்னு பேரு. மதுரைப் பக்கம் கமலைம்பாங்க. எங்க அப்பா தலைமுறை வரைக்கும் மேட்டுக்காட்டுல விளைஞ்ச ராகி, சோளம், மிளகாய், புகையிலை எல்லாம் கவலைத் தண்ணி குடிச்சு வளர்ந்ததுதான்.

நகரத்துல வேலை பாக்கிற நண்பர்கள் ஊருக்கு வந்தா, "வீண் அசைவைக் குறைச்சா வேலை வேகமாகும், உடம்பும் மிச்சமாகும்"னு அவங்க கம்பெனியில பாடம் எடுத்ததைச் சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் கண்டுபிடிச்ச வித்தைன்னு முடிப்பாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்து வராது. எங்க கிணத்து மேட்டுல அந்த வித்தை நூறு வருஷத்துக்கு முன்னாடியே, அதுக்கும் முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதோட, வீண் அசைவை ஒழிச்சதால என்ன கிடைச்சது, என்ன போச்சுங்கிறதுக்கும் எங்க ஊர் கிணறே சாட்சி.

முதல்ல கவலையை விளக்கமாச் சொல்லிடறேன். பாக்காதவங்களுக்கு இது இல்லாம மத்தது புரியாது.

கிணத்து ஓரத்துல ரெண்டு கல்லோ மரமோ நட்டு, அதுல மேல ஒரு உருளை, கீழே கிணத்து விளிம்புல ஒரு உருளை. தண்ணி மொள்ளுற பாத்திரத்துக்கு சால்னு பேரு. சாலோட அடியில தோல்ல செஞ்ச நீளமான வால் ஒண்ணு குழாய் மாதிரித் தொங்கும். சாலோட வாய்ல தடிச்ச வடக்கயிறு, வால் நுனியில மெல்லிசான வால்கயிறு. ரெண்டு கயிறும் நுகத்தடிக்கு வந்து சேரும். கிணத்துலேருந்து வெளிப்பக்கமா மண்ணைச் சரிச்சு ஒரு பாதை இருக்கும். எருது அந்தச் சரிவுல இறங்க இறங்க சால் மேல வரும். வரும்போது வால் மடங்கி சாலோட வாய் உசரத்துக்கு நிக்கும், அதனால ஒரு சொட்டும் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் வால் கீழ் உருளை மேல ஏறித் தொட்டிக்குள்ள நீளும், சால் இன்னும் மேல போகும். தண்ணி தானாகவே வால் வழியாக் கொட்டிடும்.

இந்த "தானாகவே"ங்கிற ஒரு சொல்லுலதான் விஷயம் இருக்கு. வட இந்தியாவுல பல பக்கம் இதே மாதிரி தோல் பையில இறைச்சாங்க, அங்கே அதுக்கு சரஸ்னு பேரு. அந்தப் பைக்கு வால் கிடையாது. அதனால கிணத்து விளிம்புல ஒரு ஆள் நின்னு, பை மேல வந்ததும் இழுத்துக் கவுக்கணும். மாட்டை ஓட்ட ஒரு ஆள், கவுக்க ஒரு ஆள். வால் வெச்ச சாலுக்கு ஒரு ஆள் போதும். நம்ம பக்கம் யாரோ ஒரு முப்பாட்டன், பேர் தெரியாதவன், ஒரு மெல்லிசான கயிறையும் ஒரு தோல் குழாயையும் வெச்சு ஒரு முழு ஆளோட நாள் வேலையை மிச்சம் பண்ணிட்டான்.

இன்னும் ரெண்டு சூட்சுமம் உண்டு. சரிவு எதுக்கு? பாரத்தை இழுக்கிற நேரத்துல எருது இறக்கத்துல போகுது. அதோட உடம்பு எடையே பாதி வேலையைச் செஞ்சுடும். ரெண்டாவது, ஓட்டுறவர் இறங்கும்போது நடக்க மாட்டார். வடக்கயிறு மேல ஏறி உக்காந்துக்குவார். அவர் எடையும் சாலைத் தூக்கும், அவர் காலுக்கும் ஓய்வு. சும்மா நடந்து வீணாப் போற எடையை வேலையில சேத்துட்டாங்க.

1889ல இந்திய விவசாயத்தைப் பாத்து அறிக்கை எழுத இங்கிலாந்துலேருந்து ஜான் வோல்க்கர்னு ஒரு வேளாண் வேதியியல் அறிஞரை அனுப்பினாங்க. 1893ல அவர் அறிக்கை வந்துச்சு. சொல்லிக் கொடுக்க வந்தவர், நம்ம குடியானவங்க தண்ணி இறைக்கிற முறையில இருக்கிற மதிநுட்பத்தைப் பாராட்டி எழுதிட்டுப் போனார்.

சரி, எல்லாம் இவ்வளவு கச்சிதமா இருந்தும் ஒரு வீண் மட்டும் கவலையில கடைசி வரைக்கும் போகலை. இறங்கின எருது மறுபடி மேல வரணுமே! வெறும் சாலைக் கிணத்துக்குள்ள விட்டுக்கிட்டே, எருது பின்பக்கமாவே சரிவுல ஏறும். திருப்பி ஓட்டுறது கிடையாது. பின்காலை வெச்சு வெச்சு மேல வரணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தண்ணி மட்டம் முப்பதடி ஆழத்துல இருக்குன்னு வெச்சுக்குவோம். ஒரு சாலுக்கு எருது முப்பதடி முன்னால, முப்பதடி பின்னால நடக்கணும். ஒரு காலைக்கு 200 சால்னா, முன்னால 6,000 அடி, பின்னால 6,000 அடி. அதாவது ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு மேல மாடு பின்பக்கமாவே நடக்குது. அந்த நடையில ஒரு சொட்டுத் தண்ணியும் மேல வரலை.

இதை ஒழிக்கணும்னு அப்போவே பலர் முயற்சி பண்ணினாங்க. ரெட்டைச் சால் வெச்சு, ஒண்ணு மேல வரும்போது இன்னொண்ணு கீழே போற மாதிரி, மாட்டைச் செக்குல போல வட்டமாச் சுத்த விட்டுப் பாத்தாங்க. ரெண்டு ஜோடி மாட்டை மாத்தி மாத்தி இறக்கினாங்க. சரிவுல திருப்பி ஓட்டியும் பாத்தாங்க. எல்லாமே ஓரளவுக்கு நடந்துச்சு. ஆனா சாதாரணக் கவலையை அதுங்களால விரட்ட முடியலை. சக்கரமும் பல்லும் வெச்ச இரும்புச் சாமான் உடைஞ்சா ஊர்க் கொல்லரால சரி பண்ண முடியாது, கவலை உடைஞ்சா ஆசாரியும் சக்கிலியரும் ஊர்லயே இருந்தாங்க. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கு. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்றேன்.

நல்ல கவலைக்காரருக்கும் புதுசா ஓட்டுறவனுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, பெரியவங்க மாட்டைப் பத்திப் பேச மாட்டாங்க, சாலைப் பத்திப் பேசுவாங்க. சால் தண்ணியில தொட்டதும் கயிறை ஒரு அரை எட்டு தளர விடணும். அப்பத்தான் சால் சாய்ஞ்சு முழுசா முங்கும். அவசரப்பட்டு மாட்டை விரட்டினா முக்கால் சால்தான் வரும். மாடு நடந்தது முழு நடை, தண்ணி முக்கால். நாலு சாலுக்கு ஒரு சால் வீண். வேகமா ஓட்டுறவன் கெட்டிக்காரன் இல்லீங்க. எங்கே அரை நொடி நிக்கணும்னு தெரிஞ்சவன்தான் கெட்டிக்காரன்.

காட்டுக்குள்ளயும் இதே கணக்குத்தான். வீட்டுப் பொம்பளையோ சின்னப் பிள்ளையோ தண்ணி கட்டுவாங்க. ஒரு பாத்தி நிறைஞ்சதும் மண்வெட்டியில ஒரே கொத்து, அந்தப் பக்கம் அடைச்சு இந்தப் பக்கம் திறக்கணும். ரெண்டு மூணு கொத்து கொத்தினா அதுக்குள்ள அடுத்த சால் வந்து வரப்பு உடைஞ்சுடும். எத்தனை சாலுக்கு ஒரு பாத்தின்னு எண்ணிக்கை மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். ஏற்றம் இறைச்ச காலத்துல பாட்டுலயே எண்ணிக்கை வெச்சாங்க. இன்னிக்கு கம்பெனியில ஸ்டாப்வாட்ச் பிடிச்சுப் பாக்கிறதை அன்னிக்குப் பாட்டு செஞ்சுது.

இப்போ அமெரிக்கா பக்கம் போவோம். பிராங்க் கில்பிரெத்னு ஒருத்தர், 1868ல பிறந்தவர். 1885ல பதினேழு வயசுல கொத்து வேலை கத்துக்கப் போனார். அங்கே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. சொல்லிக் கொடுக்கிற கொத்தனார் சொல்றது ஒரு விதம், அவரே செய்யறது ஒரு விதம், அவசரத்துல செய்யறது மூணாவது விதம். ஒரு செங்கல் வைக்க எத்தனை அசைவு ஆகுதுன்னு எண்ணினார். பதினெட்டு. கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிஞ்சு தரையிலேருந்து எடுக்கிறார். அதாவது ஒரு கல்லைத் தூக்க அவரோட முழு உடம்பையும் தூக்குறார். கில்பிரெத் சாரத்துல கல்லையும் கலவையையும் இடுப்பு உசரத்துக்கு வெச்சார், சுவர் உசர உசர சாரத்தையும் உசத்துற மாதிரி பண்ணினார். கல்லோட நல்ல முகம் எதுன்னு சித்தாளே பாத்து அடுக்கி வெச்சுட்டா கொத்தனார் திருப்பித் திருப்பிப் பாக்க வேண்டாம். கலவைப் பதம் சரியா இருந்தா கரண்டியால தட்ட வேண்டாம். பதினெட்டு அசைவு அஞ்சாச்சு. மணிக்கு 120 கல் வெச்ச இடத்துல 350 கல். 1911ல பிரெடரிக் டெய்லர் எழுதின அறிவியல் நிர்வாகம் பத்தின புத்தகத்துல இந்தக் கதை வந்து உலகம் பூரா பரவிச்சு.

இதே காலத்துல, சொல்லப் போனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, எங்க சேலத்துல ஒரு பரிசோதனை நடந்துச்சு. அது பத்தி நம்ம ஆளுங்களுக்கே அதிகம் தெரியாது.

ஆல்பிரட் சாட்டர்டன்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர், 1888ல சென்னை இன்ஜினியரிங் காலேஜுக்கு வாத்தியாரா வந்தவர். கிணத்துத் தண்ணி இறைக்கிறது, அலுமினியப் பாத்திரம், தோல் பதனிடுறதுன்னு நம்ம மாகாணத்துத் தொழில் எல்லாத்துலயும் கை வெச்சுப் பாத்த மனுஷன். கவலையில ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தண்ணி, எத்தனை அடி உசரம்னு அளந்து கணக்கெடுத்தவர். எண்ணெய் இன்ஜினையும் பம்பையும் கிணத்துல மாட்டி ஊர் ஊராக் காட்டினவரும் அவர்தான். 1906 வாக்குல அரசாங்கத்துச் செலவுல சேலத்துல ஒரு கைத்தறித் தொழிற்சாலை நடத்தினார்.

ஏன் சேலம்? அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகைன்னு தெருத் தெருவா தறிச் சத்தம் கேட்ட ஊர் அது. சேலத்துல இன்னிக்கும் பாவடின்னு பேர் சொல்ற இடங்கள் இருக்கு. பாவு நூலை நீட்டிக் கட்டுறதுக்கு விட்டிருந்த பொது மைதானம் அது. அந்த மைதானத்துல நடந்த நடையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்க. துணியோட அகலத்துக்கு 2,000 இழை, பாவோட நீளம் 40 கெஜம்னு வெச்சுக்குவோம். குச்சி நட்டு வரிசையில பொம்பளைங்க ரெண்டு கையிலயும் ஒவ்வொரு இழை பிடிச்சு நடந்தா, ஒரு நடைக்கு ரெண்டு இழை. ஆயிரம் நடை. 40,000 கெஜம். 36 கிலோமீட்டருக்கு மேல! ஒரு பாவுக்கு சேலத்துலேருந்து மல்லூர், ராசிபுரம் தாண்டி நடக்கிற தூரம். அதுக்கப்புறம்தான் கஞ்சி போட்டு, அச்சுல இழுத்து, தறியில ஏத்தி, ஆம்பளை குழியில உக்காந்து நெய்ய ஆரம்பிப்பார். துணி நெய்யறவர் பேர்தான் வெளிய வரும். நடந்தவங்க பேர் வராது.

நெசவுலயும் ஒரு வீண் அசைவு இருந்துச்சு. பழைய தறியில நாடாவை வலது கையால எறிஞ்சு இடது கையால பிடிக்கணும், அப்புறம் இடது கையால எறிஞ்சு வலது கையால பிடிக்கணும். ஒவ்வொரு இழைக்கும் ரெண்டு கையும் பலகையை விட்டு வெளிய போய் வரணும். இங்கிலாந்துல லங்காஷயர்க்காரர் ஜான் கே, 1733ல, பலகையோட ரெண்டு முனையிலயும் பெட்டி வெச்சு, நடுவுல தொங்குற கயிறை ஒரு கையால வெட்டி இழுத்தா நாடா தானாப் பறக்கிற மாதிரி பண்ணிட்டார். இன்னொரு கை பலகையிலேயே இருக்கும். அசைவு பாதியாக் குறைஞ்சுது. கை எட்டுற தூரம்தான் துணி அகலம்ங்கிற கட்டும் போச்சு. இதுல ஜான் கேக்கு என்ன கிடைச்சது? முதலாளிங்க அவர் கண்டுபிடிப்பை எடுத்துக்கிட்டுக் காசு கொடுக்கலை, பொழப்பு போயிடும்னு பயந்த நெசவாளிங்க அவர் மேல கோபப்பட்டாங்க. கடைசியில பிரான்ஸ்ல ஏழையாச் செத்துப் போனார்.

அந்தக் கயிறு நாடாத் தறியைத்தான் சாட்டர்டன் சேலத்துல வெச்சுப் பாத்தார். ஒரே கூரைக்குக் கீழே தறி, மணி அடிச்சா வேலை, கூலி. சாதாரண வெள்ளைத் துணிக்கு வேகம் நல்லாவே கூடிச்சு. ஆனா நுணுக்கமான நூல்ல, கரை ஒரு நிறம் உடல் ஒரு நிறம்னு நெய்யிற துணிக்கு அந்த வேகம் வரலை. தனிக் கரை கோக்க மூணு நாடா வேணும், அது பறக்கிற நாடாவுக்கு அடங்காது. காஞ்சிபுரத்துல கோர்வைப் பட்டு நெய்யிறவங்களைக் கேட்டா இன்னிக்கும் இதையே சொல்வாங்க.

அதை விடப் பெரிய சிக்கல் ஆளுங்க வரலைங்கிறதுதான். தினம் ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே நேரத்துக்குப் போற வேலை நெசவாளிக்குப் பிடிக்கலை. தன் வீட்டுத் தறியே போதும்னு இருந்துட்டாங்க. அப்போ எழுதினவங்க பல பேர் இதைச் சோம்பேறித்தனம்னு எழுதி வெச்சாங்க. நான் அப்படிப் பாக்கலை. வீட்டுத் தறியில நெய்யிறது ஒரு ஆள் இல்லை. பொண்டாட்டி தார் சுத்துறா, அம்மா சிக்கெடுக்கிறா, பையன் எடுத்துக் கொடுக்கிறான். அடுப்புல சோறு வேகுற நேரத்துல ராட்டை சுத்தும். தொழிற்சாலைக்கு நெசவாளியை மட்டும் கூப்பிட்டா, அவரோட கை அசைவு மிச்சமாகும். ஆனா வீட்டுல நாலு பேர் கை சும்மா ஆயிடும். ஒரு ஆளோட அசைவைக் கணக்குப் பாத்தவங்க, ஒரு குடும்பத்தோட அசைவைக் கணக்குல எடுக்கலை.

1910ல லண்டன்ல இந்தியா மந்திரியா இருந்த மோர்லி, அரசாங்கம் தொழில் நடத்துறது கூடாதுன்னு சொல்லிட்டார். சேலம் தொழிற்சாலையை மூடிட்டாங்க. ஆனா கயிறு நாடா போகலை. அடுத்த இருபது முப்பது வருஷத்துல அது தானா வீட்டுத் தறிக்குள்ள புகுந்துச்சு. மணி அடிக்காம, ஆளை வெளிய கூப்பிடாம, வீட்டுக்குள்ளயே வந்ததும் எடுத்துக்கிட்டாங்க. பாவு நடக்கிற நடையும் சுத்துற பாவு மெஷின் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா நின்னுது.

சரி, மிச்சமான அசைவோட பலன் யாருக்குப் போச்சு? நெய்யிற வேகம் கூடினதும் தார் சுத்துற வேகமும் கூடியாகணும். அந்தப் பாரம் பொம்பளைங்க தலையில விழுந்துச்சு. துணி அதிகமா வந்ததும் கெஜத்துக்கான கூலி இறங்குச்சு. டெய்லர் புத்தகத்துலயே இன்னொரு கணக்கு இருக்கு. ஒரு இரும்பு ஆலையில ஒரு தொழிலாளி நாளுக்கு பன்னெண்டரை டன் இரும்பு தூக்கின இடத்துல, அசைவும் ஓய்வும் முறைப்படுத்தினதும் 47 டன்னு ஆச்சு. கிட்டத்தட்ட நாலு மடங்கு வேலை. கூலி 1.15 டாலர்லேருந்து 1.85 டாலர். அதாவது அறுபது சதவீதம்தான் கூடிச்சு. மீதி எங்கே போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ எங்க கிணத்துக்குத் திரும்புவோம். கவலையில பின்னால நடக்கிற நடை ஏன் கடைசி வரைக்கும் போகலைன்னு கேட்டேனே, அதோட ரெண்டாவது காரணம் இது: அது முழுக்க வீண் இல்லை. பாரத்தை இழுத்த எருது, பாரம் இல்லாம மெதுவாப் பின்னேறும்போது மூச்சு வாங்கிக்கும். இழு, மூச்சு விடு, இழு, மூச்சு விடு. அதனாலதான் ஒரே ஜோடி காலையெல்லாம் தாங்குச்சு. கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1916ல களைப்பைப் பத்தியே தனியா ஒரு புத்தகம் எழுதினாங்க. ஓய்வு இல்லாத அசைவு மிச்சம் நிலைக்காதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

இன்னொரு ஜீவனும் அந்த நேரத்துல மூச்சு வாங்குச்சு. அது கிணறு.

எங்க சேலம், நாமக்கல் சமவெளி பூமிக்கு அடியில பாறை. மேல கொஞ்சம் மண், அதுக்குக் கீழே நொறுங்கின பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. தண்ணி அந்த நொறுங்கல்லயும் பாறை வெடிப்புலயும்தான் இருக்கு. ஆத்துப் படுகை மாதிரி ஊத்து பீறிட்டு வராது, கசிஞ்சு கசிஞ்சுதான் சேரும். கவலையோட வேகமும் கசிவோட வேகமும் ஏறக்குறைய ஒத்துப் போச்சு. காலையில இறைச்சா மத்தியானம் மாடு படுக்கும், கிணறு ஊறும். ராத்திரி பூரா ஊறும்.

அந்த வேகம் எவ்வளவுன்னும் கணக்குப் பாக்கலாம். 130 லிட்டர் சால், 9 மீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு ஒரு சால்னா, தண்ணியைத் தூக்குற சக்தி கால் குதிரைத் திறன்தான் வருது. இன்னிக்கு ஒரு சாதாரண அஞ்சு ஹெச்பி மோட்டார், பம்புல பாதி சக்தி வீணாப் போனாலும், பத்து ஜோடி எருது வேலையைச் செய்யும். எருதுக்கு பகல் மட்டும்தான், மோட்டாருக்கு ராத்திரியும் உண்டு.

1932ல பைகாரா மின்சாரம் வந்துச்சு. 1934ல மேட்டூர் அணை கட்டி முடிஞ்சு, 1937ல அங்கேயும் மின் உற்பத்தி ஆரம்பிச்சுது. சுதந்திரத்துக்கு அப்புறம் கம்பி கிராமம் கிராமமா வந்துச்சு. 1960, 70கள்ல எங்க பக்கம் கவலை ஒவ்வொண்ணா நின்னுது. பட்டனை அழுத்தினா தண்ணி. மாடு பின்னால நடக்க வேண்டாம், மனுஷன் விடிகாலையில எந்திரிக்க வேண்டாம். யாரும் அதுக்காக அழலை. அழவும் வேண்டாம். கவலை ஓட்டினவங்க உள்ளங்கையைப் பாத்தவங்க அந்தக் காலம் திரும்ப வரணும்னு சொல்ல மாட்டாங்க. மின்சாரம் குடியானவனுக்கு எவ்வளவு முக்கியமா ஆயிடுச்சுன்னா, 1970ல கட்டணத்தை ஏத்தினதை எதிர்த்துப் போராடி, பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல விவசாயிங்க உயிரையே விட்டாங்க. 1990 வாக்குல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் ஆச்சு. இன்னிக்குத் தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கும் மேல விவசாய மின் இணைப்பு இருக்கு.

ஆனா கிணத்தோட மூச்சை யாரும் கணக்குல எடுக்கலை. முப்பதடி அறுபதாச்சு. கிணத்துக்குள்ளயே துளை போட்டாங்க. அப்புறம் கிணத்தை விட்டுட்டு ஆழ்துளைக்குப் போனாங்க. திருச்செங்கோட்டுல ரிக் வண்டி தொழிலாவே வளர்ந்துச்சு. நம்ம ஊர் ரிக் வண்டி இந்தியா பூரா போகுது, ஆப்பிரிக்கா வரைக்கும் போகுது. அந்த ஆளுங்க வேலை செய்யறதைப் பாருங்க, அசைவுல ஒரு வீண் கிடையாது. இருபதடி ராடு ஒண்ணு இறங்கும், அடுத்தது அதுக்குள்ள தயாரா நிக்கும், ஒருத்தர் மாட்ட, ஒருத்தர் லிவரைத் தள்ள, வாயால ஒரு பேச்சு இருக்காது. கில்பிரெத் பாத்தா கை தட்டுவார். ஒரு தலைமுறை வெட்டின கிணத்தோட ஆழத்தை ஒரு மணி நேரத்துல தாண்டிடறாங்க. ஆயிரம் அடிக்கு அம்பது ராடு. புகை மட்டும் வந்தா, மறுநாள் நூறு அடி தள்ளி இன்னொரு புள்ளி.

1865லயே இங்கிலாந்துல ஜெவன்ஸ்னு ஒரு பொருளாதார அறிஞர் இதைச் சொல்லி வெச்சார். நிலக்கரியைச் சிக்கனமா எரிக்கிற இன்ஜின் வந்தா நிலக்கரி மிச்சமாகாது, இன்னும் அதிகமாத்தான் செலவாகும், ஏன்னா எல்லாரும் இன்ஜின் வாங்குவாங்கன்னு. நிலக்கரின்னு இருக்கிற இடத்துல கிணத்துத் தண்ணின்னு போட்டுப் படிச்சா அது எங்க ஊர்க் கதை. இன்னிக்கு சொட்டு நீர் போட்டவங்கள்லயும் ரெண்டு விதம் இருக்காங்க. மிச்சமான தண்ணியைக் கிணத்துலயே விட்டவங்க கொஞ்சம் பேர். அந்த மிச்சத்துல இன்னொரு ஏக்கர் சேத்துப் பயிர் வெச்சவங்க நிறைய பேர். அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது, கடன் இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு.

அதனால வீண் அசைவைக் குறைக்கிறது தப்புன்னு நான் சொல்ல வரலை. நான் குறைக்கிறேன். மரவள்ளிக் கரணையை நடுற ஆள் குனிஞ்சு குனிஞ்சு எடுக்காம இடுப்புல கட்டின சாக்குலேருந்து எடுத்தா சாயங்காலம் முதுகு வலி குறையும். களை எடுக்கிறவங்க வரிசைக்கு நேரா தண்ணிக் குடத்தைக் கொண்டு போய் வெச்சா பத்து தடவை நடக்கிற நடை மிச்சம். இதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனா கவலையும் பாவடியும் படிச்சுக் கொடுத்தது மூணு கேள்வி. குறையப் போறது யாரோட அசைவு, அது வேற யார் தலையிலயாவது போய் விழுதா? மிச்சமாகிற நேரமும் காசும் யார் கைக்குப் போகுது? வீண்னு நாம நினைக்கிறது யாருக்காவது, எதுக்காவது மூச்சு வாங்குற நேரமா?

சாக்கைக் கட்டினதால ரெண்டு மணி நேரம் முன்னாடியே நட்டு முடிச்சா, அந்த ஆளுக்கு முழு நாள் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பணும். இன்னொரு அரை ஏக்கரை நீட்டினா, அவரோட முதுகுல மிச்சம் பிடிச்சதை நான் எடுத்துக்கிட்ட மாதிரி. எங்க பக்கம் இது இன்னும் ஒரு முடிவுக்கு வராத வழக்கு. நடவுக்கு வர்றவங்க இப்போ ஒப்பந்தமாப் பேசிக்கிறாங்க, முடிச்சதும் கிளம்பிடறாங்க. மிச்சமான நேரம் அவங்களோடது. அது நியாயம்னுதான் எனக்குப் படுது.

கிணத்து விஷயம்தான் பாக்கி. அதுக்குக் கூலி பேச வாய் கிடையாது. இந்தப் பக்கம் வந்தா ஏதாவது ஒரு பழைய கிணத்து மேட்டைப் பாருங்க. உருளை மாட்டின கல்லு ரெண்டு இன்னும் நிக்கும். எருது இறங்கி ஏறின சரிவுல இப்போ சீமைக் கருவேலம் முளைச்சிருக்கும். சரிவோட நீளத்தைக் காலால அளந்து பாருங்க. அந்தக் காலத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல இருந்துச்சுங்கிறது அந்த நீளத்துலயே இருக்கு.